இருபது லட்சத்தின் வாசற்படி

ஒரு தேநீர்க் கடையில் நாள்தோறும் 5,479 ரூபாய்க்கு வியாபாரம் நடந்து, வருஷத்தின் 365 நாளும் அக்கடை திறந்திருக்குமானால், அதன் ஆண்டு விற்பனை இருபது லட்சத்துக்கு 165 ரூபாய் குறைவாக நிற்கும். 5,480 ரூபாய் விற்றாலோ, இருபது லட்சத்தை 200 ரூபாய் கடந்துவிடும். நாளொன்றுக்கு ஒரு ரூபாயே ஆன இந்த வித்தியாசத்துக்கு இப்பால் இருப்பவர், சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி எந்தப் பதிவும் செய்யாமல், எந்தக் கணக்கும் சமர்ப்பிக்காமல், அடுப்பையும் பாய்லரையும் மட்டும் கவனித்துக்கொண்டு ஜீவனம் நடத்தலாம். அப்பால் இருப்பவரோ முப்பது நாளுக்குள் விண்ணப்பித்து, பதினைந்து எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு பதிவெண் பெற்று, அன்று முதல் வரி செலுத்தி, குறித்த தேதிகளில் கணக்குக் கொடுத்து, தவறினால் தினக் கணக்கில் தாமதக் கட்டணமும் கட்டவேண்டியவர் ஆகிறார். இப்படிப்பட்ட ஒரு கோட்டின் அருகே வந்து நிற்கும் மனிதர் என்ன செய்வார் என்பதே இக்கட்டுரையின் விஷயம். நம் தெருக்களில் உள்ள கடைகளில் பல, ஆண்டுக்கணக்கில் ஏன் அதே அளவிலேயே நின்றுவிடுகின்றன என்பதற்கு இந்தக் கோடும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில், வரம்பு என்ற ஒன்று இருப்பதே அநியாயம் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. வரி என்பது வசூலிக்கச் செலவு பிடிக்கிற காரியம். தெருமுனையில் இட்லி விற்கும் அம்மாளிடமிருந்து வருஷத்துக்கு நூறு ரூபாய் பெறுவதற்காகச் சர்க்கார் ஐந்நூறு ரூபாய் சம்பளச் செலவு செய்வதும், அந்த அம்மாள் கணக்கு எழுதுவதற்காக ஆயிரம் ரூபாய் கூலி கொடுப்பதும் எவருக்கும் பிரயோஜனப்படாது. மைக்கேல் கீன், ஜாக் மின்ட்ஸ் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்த நியாயத்தைத்தான் கணித வடிவத்தில் நிறுவினார்கள்: கஜானாவுக்குக் கிடைக்கும் கூடுதல் வரவை ஒரு பக்கத்திலும், வசூலிப்பவரின் செலவையும் செலுத்துபவரின் சிரமத்தையும் மறு பக்கத்திலும் வைத்து நிறுத்து, இரண்டும் சமன்படுகிற இடத்தில் கோட்டைக் கிழிக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே சிறியவரை விட்டுவிடுவது தர்மத்துக்கும் சிக்கனத்துக்கும் ஒருங்கே பொருந்துவதே. கோட்டைத் தாண்டுகிற அந்தக் கணத்தில் வியாபாரியின் தலையில் ஏறுகிற பாரம் எவ்வளவு என்பதில்தான் விவகாரம் ஆரம்பிக்கிறது.

நம் நாட்டில் இந்த விவகாரத்தின் மூலம் சென்னை மாகாணத்தில் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு ராஜாஜி மாகாணப் பிரதமராக இருந்தபோது, அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல்படுத்தினார். கள், சாராயக் கடைகளிலிருந்து வந்த வருமானம் போன பிறகு அந்த இடத்தை நிரப்ப வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அதன் விளைவாகவே 1939-ஆம் ஆண்டு மதராஸ் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விதிக்கப்பட்ட முதல் விற்பனை வரி அதுவே. அச்சட்டத்தைப் படிக்கும்போது என் மனத்தைக் கவர்வது, சிறு வியாபாரிக்கென்று அதில் செய்திருந்த ஏற்பாடு. ஆண்டு விற்பனை பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்தவருக்கு வரியே இல்லை. பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரையில் விற்பவர், கணக்கு எப்படியிருந்தாலும், மாதம் ஐந்து ரூபாய் கட்டினால் போதும். இருபதாயிரத்தைத் தாண்டியவருக்கே விற்பனையில் அரை சதவீதம் என்ற வரி. அதாவது, கோட்டைக் கடந்து உள்ளே வந்த மனிதர் முதலில் சந்தித்தது, முன்கூட்டியே தெரிந்த, வருஷத்துக்கு அறுபது ரூபாய்க்கு மேல் போகாத ஒரு தொகையைத்தான். இருபதாயிரம் விற்றவருக்கு அது நூற்றுக்கு முப்பது பைசா வீதமே ஆயிற்று. அந்நாளில் அவ்வரியை எதிர்த்து வியாபாரிகள் பெரும் கூச்சல் எழுப்பினார்கள். எனினும் அதன் அமைப்பில் இருந்த கரிசனத்தை இன்று நினைத்துப் பார்ப்பது தகும். பிறகு வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டமும், 2007 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த மதிப்புக் கூட்டு வரியும் கோடுகளை இடம் மாற்றின. 2017 ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) வந்தபோது அவை யாவும் பழங்கதை ஆயின.

புதிய சட்டம் பெரும்பாலான மாநிலங்களுக்கு இருபது லட்சம் என்று ஒரே கோட்டைக் கிழித்தது. 2019 ஜனவரி 10-ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு அதை நாற்பது லட்சமாக உயர்த்தவும், மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்று சுதந்திரம் கொடுக்கவும் தீர்மானித்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் நாற்பது லட்சம் ஆயிற்று. புதுச்சேரியிலோ இருபது லட்சமே நீடித்தது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் ஊர்களும் புதுவை ஊர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அந்தப் பிரதேசத்தில், வருஷத்துக்கு இருபத்தைந்து லட்சத்துக்குப் பாத்திரம் விற்கும் இரண்டு கடைக்காரர்களில் ஒருவர் பதிவு செய்தே தீர வேண்டியவர். கூப்பிடு தூரத்தில் இருக்கும் மற்றவருக்கு அந்தத் தொல்லையே கிடையாது. இதைவிட வேதனையானது மாநில எல்லை பற்றிய விதி. வரிக்கு உட்பட்ட சரக்கை வெளி மாநிலத்துக்கு அனுப்புகிறவர், அவர் விற்பனை ஒரு லட்சமே ஆனாலும், பதிவு செய்தாக வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டுமே விலக்கு. ஓசூரில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிற ஒரு பெண்மணி, மாநிலத்தின் தென்கோடியான கன்னியாகுமரிக்குத் தாராளமாகப் பார்சல் அனுப்பலாம்; நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூருக்கு ஒரு ஜாடி அனுப்ப வேண்டுமானால், முதலில் பதிவெண் வாங்க வேண்டும். அவருக்கு இருபதும் இல்லை, நாற்பதும் இல்லை; முதல் ஜாடியே கோடு.

இனித் தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். தேநீர், வடை, பஜ்ஜி பரிமாறுவது சட்டத்தின் பார்வையில் உணவகச் சேவை. ஆகையால் நாற்பது லட்சச் சலுகை அவருக்கு இல்லை, இருபதே. பதிவு செய்தவர்களில் சிறியவர்களுக்கென்று காம்போசிஷன் என்ற இணக்க முறை ஒன்று இருக்கிறது: உணவகக்காரர் தம் மொத்த விற்பனையில் 5 சதவீதம் கட்டிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு படிவமும் வருஷ முடிவில் ஒரு படிவமும் கொடுத்தால் போதும். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாகக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை இல்லை. வாங்கிய பொருள்களுக்குக் கொடுத்த வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. இப்போது கணக்குப் போடுவோம். பால், சர்க்கரை, எரிவாயு, கூலி, வாடகை எல்லாம் போக, விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்து அவருக்கு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், இருபது லட்சத்துக்குச் சற்றுக் குறைய விற்கிறபோது அவருடைய லாபம் ஏறக்குறைய மூன்று லட்சம். கோட்டைக் கடந்த அடுத்த வருஷம் முதல் ரூபாயிலிருந்தே 5 சதவீதம் வரிக்குப் போகிறது. நூற்றுக்குப் பத்துதான் மிஞ்சும். எதிர்க் கடையில் தேநீர் என்ன விலையோ அதே விலைக்குத்தான் அவரும் விற்றாக வேண்டும். எதிர்க் கடைக்காரர் கோட்டுக்கு இப்பால் இருப்பவர். ஆகவே பழைய மூன்று லட்சத்தை மறுபடியும் கண்ணால் காண அவர் முப்பது லட்சத்துக்கு விற்க வேண்டும். இருபத்தைந்து லட்சத்துக்கு விற்கிற வருஷத்தில், முன்னைவிடக் கால்பங்கு அதிகம் உழைத்து, முன்னைவிட ஐம்பதாயிரம் ரூபாய் குறைவாகச் சம்பாதிப்பார்! இதற்கு மேல் ஆடிட்டருக்குக் கொடுக்கும் கூலி தனி. இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே உள்ள அந்தப் பாழ்வெளியில் அடியெடுத்து வைக்க எந்தக் குடும்பஸ்தர் துணிவார்? நாளைக்கு 5,479 ரூபாயில் நிற்பவர், ஒரே தாவலில் 8,219 ரூபாய்க்குப் போய்ச் சேர முடியுமானால்தான் நகர்வது லாபம். தேநீர்க் கடை அப்படித் தாவி வளர்வதில்லை. ஒரு பெஞ்சு, ஒரு அலமாரி, ஒரு பையன் என்றுதான் அது வளரும்.

மளிகைக் கடைக்காரரின் நிலைமை இவ்வளவு கடினமானது அன்று என்பதையும் சொல்லவேண்டும். அவருக்கு வரம்பு நாற்பது லட்சம். நாளொன்றுக்கு ஏறத்தாழ பதினோராயிரம் ரூபாய் வியாபாரம். இணக்க முறையில் அவர் கட்டவேண்டியது, வரிக்கு உட்பட்ட சரக்கின் விற்பனையில் 1 சதவீதமே. நாற்பது லட்சமும் வரிச் சரக்கே என்று கொண்டாலும் அது நாற்பதாயிரம்தான். தேநீர்க் கடைக்காரர் அவரில் பாதி அளவுக்கே வியாபாரம் செய்கிறவர். அவர் ஏறவேண்டிய படியோ ஒரு லட்சம் ரூபாய் உயரம். சிறியவருக்கு உயர்ந்த படியும் பெரியவருக்குத் தாழ்ந்த படியும் அமைந்திருப்பது யாரும் வேண்டுமென்று செய்ததன்று. சேவைக்கு ஒரு விதி, சரக்குக்கு ஒரு விதி, உணவகத்துக்கு ஒரு விதி என்று தனித்தனியாகத் தீர்மானிக்கப்பட்டவை ஒன்றுசேர்ந்தபோது இந்த விபரீதம் உண்டாயிற்று. கோட்டுக்கு இப்பால் இருப்பவர் வரியே கொடுக்காதவர் என்ற எண்ணமும் சரியன்று. தேயிலைத் தூளுக்கும் சர்க்கரைக்கும் 5 சதவீதம், கடைகளுக்கான எரிவாயு உருளைக்கு 18 சதவீதம் என்று அவர் வாங்கும்போதே வரி கொடுத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறார். அதைத் திரும்பப் பெறும் வழி அவருக்கு இல்லை.

கோட்டருகே நிற்பவர்கள்

படி உயரமாக இருக்கும் இடத்தில் மனிதர்கள் ஏறாமல் இருப்பதற்குப் பல உபாயங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். மிகச் சாதாரணமானது, கடையை இரண்டாக்குவது. சட்டம் விற்பனையைப் பான் எண்ணை வைத்து, இந்தியா முழுவதற்குமாகக் கூட்டிப் பார்க்கிறது. ஆகவே தகப்பனார் பெயரில் ஒரு கடை, மனைவி பெயரில் ஒரு கடை, படிப்பை முடித்த மகன் பெயரில் ஒன்று என்று ஒரே கட்டடத்தில் மூன்று பெயர்ப் பலகைகள் தோன்றுகின்றன. சரக்கு ஒரே அறையில் இருக்கும். பில் புத்தகம் மட்டும் மூன்று இருக்கும். இரண்டாவது உபாயம், நாட்காட்டியைப் பார்த்து வியாபாரம் செய்வது. கணக்கு வருஷம் மார்ச்சில் முடிவதால், பிப்ரவரியிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஏப்ரல்ல போட்டுக்கலாம்" என்று பில்லைத் தள்ளி வைப்பதும், வருகிற ஆர்டரை மரியாதையாகத் தட்டிக் கழிப்பதும் நடக்கிறது. மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்தது: "பில் வேணுமா, பில் இல்லாமயா?" என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு வாடிக்கையாளர் சொல்லும் பதிலைப் பொறுத்து ஒன்றாம் நம்பர்க் கணக்கும் இரண்டாம் நம்பர்க் கணக்கும் பிரிகின்றன. இதை நான் நியாயப்படுத்த வரவில்லை. வரம்புக்கு உள்ளே நேர்மையாக நின்றுகொள்வது வேறு, வரம்பைக் கடந்துவிட்டு மறைப்பது வேறு, பின்னது குற்றம். ஆனால் முன்னதும் பின்னதும் ஒரே பயத்திலிருந்து பிறக்கின்றன என்பதைக் காணாமல் இருக்க முடியாது.

நான்காவது உபாயம், ரொக்கம் மட்டும் வாங்குவது, சமீப காலத்தது. கைபேசியில் பணம் செலுத்தும் முறை வந்த பிறகு, கல்லாவில் விழும் ஒவ்வொரு ரூபாயும் வங்கிக் கணக்கில் தடம் பதிக்கிறது. 2025 ஜூலை மாதம் கர்நாடக மாநில வணிகவரித் துறையினர், யு.பி.ஐ. வழியாக வரம்புக்கு மேல் பணம் பெற்ற ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு, பழைய வருஷங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள். பேக்கரிக்காரர்களும் பெட்டிக்கடைக்காரர்களும் மட்டுமன்றி, வரியே இல்லாத காய்கறியை விற்றவருக்குக்கூட லட்சக்கணக்கில் கேட்டு நோட்டீஸ் போயிற்று. சில தினங்களுக்குள் பெங்களூர்க் கடைகளில் கியூ.ஆர். அட்டைகள் மறைந்து, ரொக்கம் மட்டுமே வாங்கப்படும் என்ற அறிவிப்புகள் தொங்கின. வியாபாரிகள் கடையடைப்புக்கு ஆயத்தமானதும் முதலமைச்சர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை என்றும் இனிமேல் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லிச் சமாதானம் செய்தார். அந்தச் சில வாரங்களில் வெளிப்பட்டது ஒரு முக்கியமான உண்மை: வியாபாரிகளில் பலருக்குத் தாம் கோட்டைக் கடந்துவிட்டோம் என்பதே தெரியாது. பாலும் காயும் வாழைப்பழமும் மட்டும் விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் அவற்றோடு பிஸ்கட்டும் குளிர்பானமும் விற்றால், வரியில்லாத சரக்கின் விற்பனையும் சேர்த்தே வரம்பு கணக்கிடப்படும் என்ற நுணுக்கத்தை அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி வட்டாரங்களில் இரண்டு மூன்று லேத் இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளில் இந்தக் கோட்டுக்கு வேறொரு முகம். வேலைக்கூலி சேவையாகையால் அங்கும் வரம்பு இருபது லட்சம். ஒரு பட்டறைக்காரரிடம், புதிதாக ஒரு மெஷின் போடலாமே என்று கேட்டபோது அவர் சொன்னார்: "வேலை இல்லாம இல்லீங்க. பதினெட்டு லட்சத்தோட நிறுத்திக்கோன்னு ஆடிட்டர் சொல்லியிருக்காருங்க. அதுக்கு மேல போனா, கம்பெனிக்காரன் மூணு மாசம் கழிச்சுத்தான் பணம் தருவான். நாம டாக்ஸ் அடுத்த மாசமே கட்டோணும். கையில இருந்து எங்கீங்க போடறது?" அவர் சொன்னதில் வரி அதிகம் என்ற புகாரே இல்லை, 18 என்றும் 12 என்றும் மாறி மாறி வந்த அந்த வரியை, வேலை கொடுக்கும் கம்பெனி கழித்துக்கொள்ளும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பணம் வருவதற்கு முன்னால் வரி போக வேண்டியிருப்பதுதான் அவருடைய கவலை. இதே ஊரில் இதற்கு நேர்மாறானவர்களும் இருக்கிறார்கள்: பத்து லட்சம்கூட விற்காத நிலையில் தாமாகவே முன்வந்து பதிவெண் வாங்கியவர்கள். பெரிய கம்பெனிகள் பதிவில்லாதவரிடம் வேலை கொடுக்கத் தயங்குவதே காரணம். 2017-இல் பதிவில்லாதவரிடம் வாங்கினால் வாங்குபவரே வரி கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்ததால் சிறு பட்டறைகளின் வேலை திடீரென்று குறைந்தது. அவ்விதி அக்டோபர் மாதமே நிறுத்தி வைக்கப்பட்டாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுக்கு விற்பவர் பதிவைக் கண்டு ஒதுங்குவதும், கம்பெனிக்கு விற்பவர் பதிவைத் தேடிப் போவதும் ஒரே சட்டத்தின் இரு விளைவுகள்.

மற்ற தேசங்கள் கண்டது

இது நம் நாட்டு வியாபாரிகளின் விசேஷ குணம் என்று நினைப்பவர்களுக்கு, பிரிட்டனின் அனுபவம் தெளிவு தரும். அங்கே மதிப்புக் கூட்டு வரிக்கான வரம்பு 2017 ஏப்ரல் முதல் 85,000 பவுனாக இருந்து, 2024 ஏப்ரலில் 90,000 ஆயிற்று; முன்னேறிய தேசங்களில் மிக உயர்ந்த வரம்புகளில் அது ஒன்று. வரிகளை எளிமையாக்க ஆலோசனை சொல்லிவந்த அரசாங்க அலுவலகம் 2017 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, வரம்புக்குச் சற்றுக் கீழே வியாபாரங்கள் கும்பலாக நிற்பதையும், கோட்டுக்கு மேலே அவற்றின் எண்ணிக்கை சட்டென்று வீழ்வதையும் வரைபடமாகக் காட்டியது. ஜப்பானில் 1989-இல் நுகர்வு வரி வந்தபோது மூன்று கோடி யென் வரையில் விலக்கு. 2004-இல் அதை ஒரு கோடியாகக் குறைத்தார்கள். அங்கே ஐம்பது கோடி யென்னுக்குக் கீழ்ப்பட்டவருக்கு என்று ஒரு சுலப முறையும் முதலில் இருந்தது. அதைப் பெறுவதற்காகப் பெரிய கம்பெனிகளே தம்மைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டதற்கான அடையாளங்களை ஓன்ஜி என்னும் ஆய்வாளர் 2009-ஆம் ஆண்டு எடுத்துக் காட்டினார். நம் தெருவில் தகப்பனார் கடை, மகன் கடை என்று நாம் காண்பதன் பெரிய பதிப்பே அது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது பின்லாந்தின் கதை. அங்கே வரம்பு மிகவும் தாழ்வாக இருந்தது. அதன் அருகே சிறு தொழில் செய்பவர்கள் கும்பலாக நிற்பதைக் கண்ட அரசாங்கம், 2004 முதல், வரம்பைச் சற்றே கடந்தவர்களுக்கு வரியின் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்து, விற்பனை ஏற ஏற அச்சலுகையைப் படிப்படியாகக் குறைக்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. படி இருந்த இடத்தில் சரிவு வந்துவிட்டது. ஆனாலும் கும்பல் கலையவில்லை. இதை ஆராய்ந்து 2019-இல் எழுதிய மூவர், வரித்தொகையைவிட, கணக்கு வைப்பதிலும் சமர்ப்பிப்பதிலும் உள்ள சிரமமே அந்தத் தொழில்முனைவோரைத் தடுத்து நிறுத்துகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். தேநீர்க் கடையின் ஒரு லட்ச ரூபாய்ப் படியைப் பற்றி மட்டும் பேசினால் பாதி உண்மையைத்தான் பேசியவர்களாவோம் என்பதை இந்தக் கதை நமக்கு உணர்த்துகிறது.

மற்றப் பாதி காகிதத்தில் இருக்கிறது. பதிவுக்கு விண்ணப்பிக்கும் ஒரு சிறு கடைக்காரர் ஆதார், பான், புகைப்படம் ஆகியவற்றோடு, கடை நடக்கும் இடத்துக்கு ஆதாரமாக வாடகை ஒப்பந்தமோ, கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதமோ, மின் கட்டண ரசீதோ காட்ட வேண்டும். வாய்ப்பேச்சிலேயே பதினைந்து வருஷமாக வாடகை நடந்துவரும் கடைகள் நம் ஊர்களில் எத்தனையோ. கட்டடக்காரரிடம் கையெழுத்துக் கேட்டால், தம் வாடகை வருமானம் வெளியே தெரிந்துவிடும் என்றோ, வீட்டு மின் இணைப்பு வணிக இணைப்பாக மாறிவிடும் என்றோ அவர் பயப்படுகிறார். "கையெழுத்தெல்லாம் வேண்டாம்ப்பா, வேணும்னா வேற இடம் பாத்துக்கோ" என்று சொல்லிவிடுகிறார். பதிவு கிடைத்த பின் கடவுச்சொல்லும், கைபேசிக்கு வரும் ஒரு முறைக் குறியெண்ணும் பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலகத்தின் வசம் இருக்கும். தமக்கு வந்த நோட்டீஸைத் தாமே பார்க்காத வியாபாரிகள் ஏராளம், ஏனென்றால் அது இணையதளத்தில் ஒரு மூலையில் கிடக்கும். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும், சாதாரண முறையில் இருப்பவர் கணக்குக் கொடுக்கவேண்டும்; கொடுக்கத் தவறினால் நாளொன்றுக்கு இருபது ரூபாய். நோயினாலோ நஷ்டத்தினாலோ கடையை மூடிவிட்டு, பதிவை முறைப்படி ரத்து செய்யாமல் விட்டவருக்கு அது கூடிக்கொண்டே போகும். உள்ளே நுழைவதைவிட வெளியே வருவது கடினம் என்ற எண்ணம் ஒரு தெருவில் ஒருவர் அனுபவத்தால் ஏற்பட்டால், அந்தத் தெரு முழுவதும் கோட்டுக்கு இப்பாலேயே நின்றுவிடும்.

இவ்வளவையும் சொல்லும்போது, பதிவு செய்து ஒழுங்காக வரி கட்டி வருகிறவர் படும் நஷ்டத்தை மறக்கக் கூடாது. முடிதிருத்தும் நிலையம் ஒன்று கோட்டைக் கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி வரி 5 சதவீதமாகக் குறைக்கப்படும் வரையில், சாதாரண முறையில் இருந்த அவர் நூறு ரூபாய்ச் சேவைக்கு 18 ரூபாய் வரி சேர்க்க வேண்டியவராக இருந்தார். பக்கத்துத் தெருவில் இரண்டு பெயரில் இரண்டு நாற்காலி போட்டவருக்கு அது இல்லை. வாடிக்கையாளர் எங்கே போவார் என்று சொல்லத் தேவையில்லை. நேர்மையானவரின் வாடிக்கை நேர்மை குறைந்தவரிடம் போய்ச் சேரும்படி ஒரு சட்டம் அமைந்துவிடுமானால், அதனால் சர்க்காருக்கு நேரும் வருமான நஷ்டத்தைவிட, ஊரில் நாணயத்துக்கு நேரும் நஷ்டம் பெரிது. இதுதான் என்னை இவ்வளவு எழுதத் தூண்டியது.

பரிகாரம் என்ன? வரம்பை உயர்த்து என்ற கோரிக்கை வியாபாரிகள் சங்க மாநாடுகளில் அடிக்கடி எழுகிறது. விலைவாசிக்கு ஏற்ப அதை அவ்வப்போது திருத்த வேண்டும் என்பது நியாயமே. சேவைக்கான இருபது லட்சம் 2017-இல் வைத்தபடியே இருக்க, பத்து ரூபாய்த் தேநீர் பன்னிரண்டு, பதினைந்து என்று ஏறிவிட்டது. ஒரு குவளைகூட அதிகம் விற்காமலே கடைக்காரர் கோட்டின் பக்கம் தள்ளப்படுகிறார். ஆனால் வரம்பை மட்டும் உயர்த்தினால் படி அதே உயரத்தோடு வேறிடத்துக்குப் போகுமே ஒழிய, தணியாது. எனக்கு உசிதமாகத் தோன்றுவது, இணக்க முறையில் இருப்பவரிடம், வரம்புக்கு மேற்பட்ட விற்பனைக்கு மட்டும் வரி வாங்குவது. இருபத்தொரு லட்சம் விற்ற தேநீர்க் கடைக்காரர் இன்று 1,05,000 ரூபாய் கட்ட வேண்டியவர். மேற்பட்ட ஒரு லட்சத்துக்கு மட்டும் என்றால் 5,000 ரூபாய். வருமானம் குறையும் என்று சர்க்கார் தயங்கினால், படியைக் கண்ட பயத்தால் இருபதுக்குள்ளேயே நின்றுவிட்டவர் இப்போது ஒன்றுமே கட்டுவதில்லை என்பதையும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் உணவகங்களிடமிருந்து ஆளுக்கு ஒரு லட்சம் வரையில் குறையும் என்பதையும் சேர்த்தே கணக்கிட்டுப் பார்க்கட்டும். பெரியவர்களுக்கு அந்தச் சலுகை படிப்படியாகக் குறைந்து மறையும்படி செய்வதும் கஷ்டமான காரியமன்று. இதோடு, வரியில்லாத காயும் பாலும் பழமும் வரம்புக் கணக்கில் சேராமல் இருக்கட்டும். வெளி மாநிலத்துக்குச் சிறு பார்சல் அனுப்புகிறவருக்குக் கைவினைஞருக்குக் கொடுத்த விலக்கையே கொடுக்கட்டும். வியாபாரமே இல்லாத மாதத்துக்குத் தாமதக் கட்டணம் வேண்டாம். பதிவை ரத்து செய்வது கைபேசியில் ஒரு குறுஞ்செய்தியோடு முடியட்டும். 2025 நவம்பர் முதல், வரிப்பொறுப்புக் குறைவாக உள்ள சிறு விண்ணப்பதாரர்களுக்கு மூன்று வேலை நாளுக்குள் பதிவு கொடுக்கும் முறை வந்திருப்பது வரவேற்கத்தக்கது. வாசலில் நுழைவதை எளிதாக்கியவர்கள் வெளியேறுவதையும் எளிதாக்க முடியும்.

இவற்றைச் செய்யும் அதிகாரம் ஜி.எஸ்.டி. கவுன்சிலிடம் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கும் மாநிலங்களின் வாக்குகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் மதிப்பு. நான்கில் மூன்று பங்கு சேர்ந்தால்தான் தீர்மானம் நிறைவேறும். ஒரு மாநிலம் தனியாக எதையும் சாதித்துவிட முடியாது என்பது மெய். ஆனால் வரம்பை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்ட 2019 ஜனவரித் தீர்மானம் ஒரு முன்னுதாரணமாக நிற்கிறது. இந்தியாவுக்கே பொது விற்பனை வரியை அறிமுகப்படுத்தி, அதிலேயே சிறியவருக்கு மாதம் ஐந்து ரூபாய் என்ற வழியையும் வகுத்துக் கொடுத்த ராஜ்யத்தின் நிதியமைச்சர், அடுத்த கூட்டத்தில் இக்கோரிக்கையை எழுத்து மூலமாக வைப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. நம் வியாபாரிகள் சங்கங்களும், கோவைப் பட்டறைக்காரரின் மூன்று மாதப் பாக்கியையும், பத்துத் தேநீர்க் கடைகளின் உண்மையான வரவு செலவையும் பெயர் குறிப்பிடாமல் தொகுத்து, அந்தக் கோரிக்கையோடு இணைத்துக் கொடுக்கவேண்டும்.